ஸகாத் கடமையில்லாத வருடம்

எங்கள் வீட்டில் நெல் வெட்டினால் முதல் வேலை ஏழைகளின் பங்கான ஸகாத்தைப் பிரிப்பது. வெட்டு மெசின் வயலைச் சுற்றி முடித்து நெல்லைத் தரையில் விரித்த படங்கில் கொட்டியதும், வியாபாரியின் லொறிக்காரன் எவ்வளவுதான் அவசரப்படுத்தினாலும், ஸகாத் மூடைகளைக் கட்டி ஒரு பக்கம் வைக்கும் வரைக்கும் மற்ற நெல்லில் யாரும் கை வைக்கக் கூடாது. இது என் கணவர் போட்ட சட்டம். அதற்குப் பிறகு வருடச் சாப்பாட்டு நெல். மிச்சம்தான் விலைக்குப் போகும்.

வயல் இறக்காமத்தில். இரண்டு ஏக்கர். என் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. நாங்கள் இருப்பது கல்முனையில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில். எங்கள் பக்கம் காணி பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகவே காணி உறுதியில் என் பெயர், சேற்றில் அவர் கால். சண்டை வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் அவரைச் சீண்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே, “காணிக்காரி, ஒரு பிளேன்டி ஊத்தித் தாங்க” என்பார்.

அந்த ஸகாத் நெல்லில் பெரிய பங்கு மருதமுனையில் ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே ஒருத்தி தறியில் ஆண்கள் உடுக்கும் சாரன் நெய்கிறாள். புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மௌத்தானவன். இரண்டு பெண்பிள்ளைகள். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் என்னை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் கொடுக்கும் நெல்லை அவித்து, காயவைத்து, மில்லில் கொடுத்து எடுத்தால் அடுத்த வெட்டு வரைக்கும் அவளுக்கு அரிசிக் கவலை கிடையாது. நூல் விலை ஏறினாலும் சரி, சாரன் விற்காமல் மடித்தபடி கிடந்தாலும் சரி, பிள்ளைகளுக்குச் சோறு இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் வருடத்தை ஓட்டினாள்.

இதை நான் எங்கள் கொடையைப் பாட எழுதவில்லை. ஸகாத் ஏழையின் உரிமை, அது எங்கள் கையில் இருக்கும் அவளுடைய சொத்து. அந்தச் சொத்தை ஒரு நாள் பின்னேரச் செய்தியில் வந்த ஒரு அறிவித்தல் அவளிடமிருந்து பிடுங்கியது. அதைப் பற்றிக் கதைக்கும்போது அமைதியாக இருங்கள் என்று என் மகன் சொல்கிறான். என்னால் முடியாது.

இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வராது என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். ஒரேயடியாக, எல்லாப் பயிருக்கும், எல்லா ஊருக்கும். களைக்கு அடிக்கும் மருந்தும் இல்லை, பூச்சிக்கு அடிக்கும் மருந்தும் இல்லை. எங்கள் ஆட்கள் இந்த மருந்துகள் எல்லாவற்றையும் எண்ணெய் என்பார்கள். என் கணவர் செய்தியைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

“சும்மா சொல்றானுகள். விதைப்புக்கு முன்னுக்கு மாத்திருவானுகள்” என்றார்.

மாற்றவில்லை. மழைக்கால விதைப்பான பெரும்போகத்துக்கு முன்னால் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்கள். காணி என் பெயரில் இருப்பதால் நானும் போனேன். பெண்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் இருந்தோம். முன்னால் ஒரு விவசாய உத்தியோகத்தர், நல்ல பிள்ளை, என் மகனின் வயதுதான் இருக்கும். மண் செத்துவிட்டது, நாம் நஞ்சைத் தின்கிறோம், இனிச் சாணமும் தழையும் மக்கிய சேதனப் பசளைதான் போடவேண்டும் என்று படம் காட்டி விளக்கினார். போன வருடமும் இதே பிள்ளைதான் வந்தார். எந்தக் கிழமையில் எவ்வளவு யூரியா எறியவேண்டும் என்று அப்போதும் படம் காட்டினார்.

நான் எழும்பி நின்றேன்.

“தம்பி, போன முறை யூரியா போடச் சொல்லித் தந்ததும் நீங்கதானே. அப்ப மண் உசிரோடயா கிடந்த?”

“ராத்தா, இது மேல இரிந்து வந்த முடிவு.”

“மேல எண்டா எது? இந்தக் கூரையா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் தலையைக் குனிந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே இருக்கிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை, என் வயலைப் பார்த்ததில்லை. சரி, அதுகூடப் பரவாயில்லை. இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் படித்தது இதைத்தானே. அவரையும் கேட்கவில்லை. சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து எங்கள் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

சேதனப் பசளைக்கு நான் எதிரியில்லை. என் வீட்டு வளவில் நிற்கும் முருங்கையும் கத்தரியும் ஆட்டுப் புழுக்கையில்தான் காய்க்கின்றன. ஆனால் இறக்காமத்து வயல்வெளியான வட்டை முழுக்க எறிவதற்கு எத்தனை மாட்டின் சாணம் வேண்டும் என்று யாராவது யோசித்தார்களா? பல வருடமாக ஒரு வழியில் பழக்கிய மண்ணை வேறு வழிக்குத் திருப்ப எத்தனை போகம் எடுக்கும் என்று கேட்டார்களா? பிள்ளைக்குப் பால் மறக்கச் செய்யக்கூட நாங்கள் நாள் எடுக்கிறோம். உண்மையில் பசளை இறக்குவதற்கு டொலர் தீர்ந்துபோனதால்தான் இதைச் செய்தார்கள், அதைச் சொல்ல வெட்கப்பட்டு மண்ணின் மேல் பழியைப் போட்டார்கள் என்றுதான் வட்டையில் எல்லாரும் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பசளை வந்தது, விதைத்துப் பயிர் முளைத்து வளர்ந்த பிறகு. மூடையை வாசலில் பிரித்துக் கொட்டினோம். பொலித்தீன் துண்டுகள், சிரட்டை, போத்தல் மூடி, ஒரு செருப்பின் வார். மண் வாசம்கூட இல்லை, குப்பை வாசம்தான். என் கணவர் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தார். மிச்சத்தை மறுபடி கட்டி வயலுக்குக் கொண்டுபோனார்.

“இதையா எறியப் போறீங்க?” என்று கேட்டேன்.

“பின்ன என்னத்த எறிய? உங்கட கோவத்தையா?” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு திரவப் பசளை வந்தது. அதைத் தண்ணீரில் கலந்து இலையில் அடித்தால் யூரியா மாதிரி வேலை செய்யும் என்றார்கள். அடித்தார். பயிர் பச்சை பிடிக்கவில்லை. கதிர் வரும் காலத்தில் நான் ஒரு நாள் அவரோடு வயலுக்குப் போனேன். வேறு வருடங்களில் இடுப்புக்கு நிற்கும் வேளாண்மைப் பயிர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. வெளிறிய மஞ்சள், பழுத்த மஞ்சள் இல்லை. நெல்லை மூடிக்கொண்டு புல் நின்றது. எண்ணெய் இல்லாததால் கூலிக்கு ஆள் பிடித்துப் பிடுங்கினோம், பிடுங்கிய பக்கத்தில் திரும்பவும் முளைத்தது.

இறக்காமத்தில் யானைக்குக் காவல் இருக்காமல் வேளாண்மை வீட்டுக்கு வராது. அந்த முறை யானை வரம்புவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக அவர் சொன்னார். “அதுக்குக்கூட வாணாமாம்” என்றார். சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னார்.

வெட்டு நேரம் டீசல் இல்லாமல் போனது. விளைந்தது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தை வெட்டவும் மெசினுக்கு டீசல் கிடையாது. என் கணவரும் மெசின்காரனும் மாறி மாறி டீசல் கடை வரிசையில் கான்களோடு கிடந்தார்கள். அதற்குள் நெல் முற்றி வயலிலேயே உதிர்ந்தது. ஒருவழியாக வெட்டி முடித்தபோது படங்கில் கிடந்ததைப் பார்த்து நான் மிச்சம் எங்கே என்று கேட்டேன். மெசின்காரன் என்னைப் பார்க்காமல், “அவ்வளவுதான் ராத்தா” என்றான்.

அவர் பழக்கத்தில் ஸகாத்துக்கு மூடை விரித்தார். பிறகு விரித்ததைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் மார்க்கத்தில் விளைச்சலுக்கு ஒரு அளவு உண்டு, நிஸாப் என்பார்கள். விளைந்தது அந்த அளவைத் தொட்டால்தான் ஸகாத் கடமை. தொடாவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த அளவைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை வந்ததே கிடையாது. அன்றைக்குக் கண்ணால் பார்த்ததுமே தெரிந்தது, தொடவில்லை.

ஆனாலும் அவர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டார். நானும் ஆட்டோவில் கூடப் போனதால் வெளியே இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நிஸாப் நிறையல்ல. உங்களுக்குக் கடமையில்ல” என்றார் மௌலவி. “கவலப்படாதீங்க. இதுல உங்களுக்குக் குத்தம் ஒண்டும் இல்ல.”

“நான் குத்தத்தக் கேட்டு வரல்ல மௌலவி.”

“பின்ன?”

“எனக்கு ஸகாத் குடுக்கணும்.”

என் கணவர் வெளியே வந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலுக்கு முன்னால்தான் கிடந்தது. அவர் அழுது நான் இரண்டு முறைதான் கண்டிருக்கிறேன், அவருடைய உம்மா மௌத்தான அன்றும், அன்றும். ஒரு வேளாண்மைக்காரனைத் தோற்கடிக்க யானை போதும், வெள்ளம் போதும், அதற்கெல்லாம் அவர் அழுததில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம் என்று எழும்பிவிடுவார். இது யாருடைய நாட்டம்? எழுத்து மேசையில் இருந்த சில பேரின் நாட்டம். அவர்களுடைய வீட்டில் அந்த வருடம் சோற்றுக்குக் குறையிருந்திருக்காது.

சாப்பாட்டு நெல்லில் இருந்து ஒரு மூடையை எடுத்துக்கொண்டு நான் மருதமுனைக்குப் போனேன். ஸகாத் கடமையில்லாவிட்டால் மனம் விரும்பித் தரும் ஸதக்காவாகக் கொடுக்கலாம்தானே. அவள் வாசலுக்கு வந்து ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்ச மூடைகள் பின்னால் வருகின்றன என்று நினைத்திருப்பாள். ரோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னரே அவளுக்கு விளங்கிவிட்டது.

“உள்ளுக்கு வாங்க ராத்தா” என்றாள்.

முன்னறையில் தறியில் பாதிச் சாரன் நின்றது. நூல் விலைக்கு இனிக் கட்டாது என்று நூல் தரும் முதலாளி நிறுத்திவிட்டாராம். சீனி போடாமல் தேத்தண்ணி தந்தாள். சின்னவள் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூடையைப் பார்த்தாள்.

“ஒரு மூடதான் ஏலுமாப் போன. வெள்ளாம சரிவரல்ல” என்றேன்.

“அதுக்கென்ன ராத்தா. நீங்களும் திங்கணும்தானே.”

அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஏசவேண்டிய ஆட்கள் மருதமுனைப் பக்கம் வரமாட்டார்கள், வந்தாலும் அவளுடைய வீட்டுக்கு வரமாட்டார்கள். ஆகவே அவள் யாரையும் ஏசவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கும் சேர்த்து நான் ஏசினேன். ஆட்டோக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

அந்த வருட நோன்பு மாதம் முடிந்து சில மாதங்களில் எங்கள் சாப்பாட்டு நெல்லும் தீர்ந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அரிசி வாங்கக் கடைக்குப் போனேன். வேளாண்மை செய்கிற வீட்டுப் பெண் கடையில் அரிசி வாங்குவது எங்கள் ஊரில் என்னவென்று சொன்னால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. மீன்காரன் வீட்டில் மீன் வாங்கச் சல்லி கொடுத்து அனுப்புவது மாதிரி. பர்தாவை நெற்றிவரை இழுத்துவிட்டு, தெரிந்த கடையைத் தாண்டி, தெரியாத கடையில் நின்றேன். விலையைக் கேட்டதும் முன்னால் நின்ற பொம்பிளை அளவைப் பாதியாகக் குறைத்தாள். எனக்குப் பின்னால் நின்ற, மடிப்புக் கலையாத சேட்டுப் போட்ட ஒருத்தர் சத்தமாகச் சொன்னார்.

“எல்லாம் வெள்ளாமக்காரனுகள்ற வேல. நெல்லப் பதுக்கி வெச்சிக்கிட்டு வெலய ஏத்துறானுகள்.”

நான் திரும்பினேன்.

“தம்பி, என்ட மொகத்தப் பாருங்க. நான் வெள்ளாமக்காரி. இறக்காமத்துல ரெண்டு ஏக்கர். பதுக்கி வெச்சிரிந்தா நான் என்னத்துக்கு உங்களோட வரிசையில நிண்டு அரிசி வாங்குறன்?”

“உங்களச் சொல்லல்ல.”

“பின்ன ஆரச் சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்ச வெள்ளாமக்காரன் எல்லாம் இப்ப அரிசி வாங்குறான். பதுக்கினவன் எங்களுக்குக் கடன் தந்து, அதக் காட்டி வயல்லயே ஈர நெல்ல அள்ளின வியாபாரி. அவன்ட கேற்றுக்கு முன்னால போய் இதச் சொல்லுங்க.”

கடைக்காரன் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மனிதர் கையிலிருந்த பையைப் பிரித்து மடித்தார். எனக்கு அவரிலும் பரிதாபம்தான். அவருக்கும் வீட்டில் சோறு தின்ன வாய்கள் இருந்திருக்கும். எங்களிருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒருத்தரையொருத்தர் கள்ளர் என்று சொல்ல வைத்துவிட்டு, உண்மையில் அதைச் செய்தவர்கள் கட்டுப்பாட்டு விலை என்று ஒரு அறிவித்தலைப் போட்டார்கள். அந்த விலைக்கு எந்தக் கடையிலும் அரிசி இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மருதமுனைக்காரி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புது அபாயா போட்டிருந்தாள். உள்ளே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்தாள்.

“நான் ஏதும் பிழ செஞ்சிரிந்தா பொறுத்துக்கங்க ராத்தா. சவூதிக்குப் போறன்.”

தூரப் பயணம் போகிறவர்கள் இப்படி வீடு வீடாகப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்டுப் போவது எங்கள் வழக்கம். திரும்பி வருவோமோ இல்லையோ என்றுதான் கேட்பது. நான் அவள் கையை விடவில்லை.

“கொஞ்சம் பொறுகா. யூரியா வரப் போகுதாம். அடுத்த வெட்டுல உனக்கு முழுசாத் தாறன். எப்பவும் தாற மாதிரித் தாறன்.”

“எனக்கு உங்களத் தெரியும் ராத்தா. அடுத்த வெட்டு வரைக்கும் இதுகள் திங்காம இரிக்குமா?”

மூத்தவள் பெரிய பரீட்சைக்குப் படிக்கிறவள். சின்னவள் மூன்றாம் வகுப்பு. பக்கத்து வளவில் இருக்கும் சின்னம்மா முறையான சாச்சி இரவில் வந்து கூடப் படுப்பாள், பகலில் மூத்தவள் சமைப்பாள், எல்லாம் ஏற்பாடு என்றாள். தான் போகும் வீட்டில் ஏழெட்டுப் பேராம், சமையல்தான் வேலையாம். தன் பிள்ளைக்குச் சோறு போட வேறொரு வீட்டில் சோறாக்கப் போகிறாள். நான் பொருத்தம் சொன்னேன். என்னையும் பொறுத்துக்கொள் என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த பெரும்போகத்துக்கு யூரியா வந்தது. எல்லாம் மறந்துபோன மாதிரி அதே அரசாங்கக் கந்தோர், அதே பிள்ளை, எந்தக் கிழமையில் எவ்வளவு எறிவது என்று அதே படம். மண் உயிர்த்துவிட்டது போலிருக்கிறது. நான் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. மழையும் அளவாகப் பெய்தது. வேளாண்மை இடுப்புக்கு நின்றது. யானையும் வந்தது, என் கணவர் வெடி கொளுத்திக்கொண்டு வட்டையில் கிடந்து கண் சிவக்க வீட்டுக்கு வந்தார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டு கனகாலம்.

வெட்டிய அன்று நானும் வயலுக்குப் போயிருந்தேன். நிஸாபைத் தாண்டி நெல் குவிந்தது. அவர் ஸகாத் மூடைகளைத் தானே பிடித்துக் கட்டினார், கூலிக்காரனைத் தொட விடவில்லை. “மருதமுனைக்கு முழுசா இரிக்கி” என்று இரண்டு முறை சொன்னார். அதை முடித்துவிட்டுத்தான் வியாபாரியிடம் போனார்.

அண்ணனைக் கூப்பிடுவது போல என் கணவரைக் காக்கா என்று கூப்பிடும் வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு அவர் பகிடி என்று நினைத்தார்.

“பகிடியில்ல காக்கா. கப்பல் அரிசி கடையெல்லாம் குவிஞ்சி கிடக்கு. உங்கட நெல்ல அள்ளிட்டுப் போய் நான் ஆருக்கு விக்கிற?”

சனத்துக்கு அரிசி இல்லாத காலத்தில் வெளிநாட்டு அரிசி வரத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்லமாட்டேன், அதைத் தின்றுதான் நானும் உயிரோடு இருந்தேன். ஆனால் எங்கள் நெல் எப்போது விளையும் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில்தான் விளைகிறது. அப்படியிருந்தும் நாங்கள் வெட்டும் நேரத்தில் கடைகள் கப்பல் அரிசியால் நிறைந்திருக்கும்படி விட்டார்கள். நெல்லை அரசாங்கம் வாங்கும் என்றும் ஒரு விலை சொன்னார்கள். நல்ல விலைதான். ஆனால் அந்த விலை செய்தியில் வந்தபோது எங்கள் பக்கத்துக் களஞ்சியம் திறக்கவில்லை. திறந்தபோது நெல்லில் ஈரம் கூட என்றார்கள். காயவைக்க ரோட்டோரத்தில் விரித்தவர்களின் நெல்லை மழை நனைத்தது. போன வருடக் கடனும், பசளைக் கடைக் கடனும், மெசின் கூலியும் காத்துக்கொண்டு நின்றதால் என் கணவரால் ஈரம் காயும்வரை காத்திருக்க முடியவில்லை. கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்.

விளையாத வருடத்தில் விலை இருந்தது, எங்களிடம் நெல் இல்லை. விளைந்த வருடத்தில் நெல் இருந்தது, விலை இல்லை. இரண்டையும் எங்களுக்குச் செய்தவர்கள் ஒரே ஆட்கள். அவர்களில் ஒருவர்கூட எங்களிடம் வந்து பொருத்தம் கேட்கவில்லை. தூரப் பயணம் போகிற ஒரு ஏழைப் பொம்பிளைக்குத் தெரிந்த மரியாதை அது.

ஸகாத் மூடைகளைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு நான் மருதமுனைக்குப் போனேன். அவள் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருக்கிறார்களே, கொடுத்த வாக்கு இருக்கிறதே. மூத்தவள்தான் கதவைத் திறந்தாள். தறியைச் சேலையால் மூடி வைத்திருந்தார்கள். லொறிக்காரன் மூடைகளை இறக்கி வாசலில் அடுக்க ஆரம்பித்ததும் அவள் பதறினாள்.

“மாமி, உம்மா எடுக்க வாணாம் எண்டு சொன்னா.”

“ஏன்?”

“நீங்களே கேளுங்க” என்று போனில் தாயைப் பிடித்துத் தந்தாள்.

போனின் படத்தில் அவள் ஒரு பெரிய அடுக்களையில் நின்றாள். மெலிந்திருந்தாள். பின்னால் அண்டா மாதிரி ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது.

“ராத்தா, வெள்ளாம நல்லமாமே. அல்ஹம்துலில்லாஹ். ஆனா எனக்கு இப்ப சம்பளம் வருகுது. நான் ஸகாத் எடுத்தா கூடாது.”

“நான் உனக்குத் தாறன் எண்டு சொன்னன்தானே.”

“சொன்னீங்கதான். பக்கத்து ஒழுங்கையில தறி அடிக்கிற ஒருத்தி இரிக்கா, அவட மனுசன் படுக்கையில. அவவுக்குக் குடுங்க. அவவுக்குத்தான் இப்ப இல்ல.”

சட்டம் அவள் பக்கம்தான். நான் தலையாட்டினேன்.

“ராத்தா, ஒரு உதவி. நேரம் இரிந்தா இண்டைக்கு ஒரு நேரம் இதுகளுக்குச் சோறாக்கிக் குடுத்திட்டுப் போங்க. கூட இரிந்து தின்னுங்க. சின்னவள் சரியாத் திங்கிறாளில்லையாம். நான் போன்ல பாத்துக்கிட்டு நிக்கிறன்.”

நான் பர்தாவைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அரிசி எங்கே என்றேன். மூத்தவள் கடைப் பையொன்றை எடுத்துத் தந்தாள். கப்பல் அரிசி. வெள்ளை வெளேர் என்று, ஒரு கல் இல்லை, ஒரு குறுணல் இல்லை.

“இது வெல குறைவு மாமி. நாட்டரிசி கூட.”

வியாபாரி என் கணவரிடமிருந்து அள்ளிய விலையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. வாசலில் என் நெல் மூடை மூடையாகக் கிடந்தது. அதை அவித்து, காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய் வந்தால்தான் சோறு. பசி அதுவரைக்கும் பொறுக்காது. நான் கப்பல் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். சூரை மீன் குழம்பாக ஒரு ஆணமும், முருங்கையிலைச் சுண்டலும் வைத்தேன்.

மூன்று பேரும் பாயில் இருந்தோம். போனைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்தார்கள். அவள் அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் தாய்க்குக் காட்டிக் காட்டித் தின்றாள்.

“சோறு எப்பிடி ராத்தா?”

“நல்லா இரிக்கிகா” என்றேன்.

நன்றாகத்தான் இருந்தது. அது இன்னொரு நாட்டில் என்னைப் போல ஒருத்தி விளைவித்ததாக இருக்கும், அவளோடு எனக்கு என்ன கோபம்? ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்தேன். அது காஸ் அடுப்பு. மூத்தவள் என்னைப் பார்த்துவிட்டு ஆணத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

“ஊட்டுக்காரி கூப்பிடுறா, வெக்கிறன்” என்று தாய் அவசரமாகச் சொன்னாள். போன் இருண்டது.

சின்னவள் சோற்றுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். நான் பானையில் இருந்ததை அள்ளி வைத்தேன். பக்கத்து ஒழுங்கைக்குப் போக லொறிக்காரன் மூடைகளைத் திரும்பவும் ஏற்றிக்கொண்டிருந்தான்.